காது மெஷினை விற்கிறார்கள், காதை யார் பார்ப்பது?

காது கேட்கும் கருவி வாங்கப் போனால் முதலில் கையில் திணிப்பது ஒரு பளபள அட்டை. பேசிக், ஸ்டாண்டர்டு, அட்வான்ஸ்டு, பிரீமியம் என்று நாலு படி. 8 சேனல், 12 சேனல், 16 சேனல், 24 சேனல். ஒவ்வொரு படிக்கும் விலை தாவிக் குதிக்கிறது. சேனல் என்றால் என்ன என்று கேட்டேன். "நிறைய இருந்தா கிளாரிட்டி நல்லா இருக்கும் மேடம்." அவ்வளவுதான் விளக்கம். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் துண்டுதான் சேனல் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பி அப்பாவின் சேமிப்பை எடுத்து மேசையில் வைக்க வேண்டுமாம்.

அப்பாவுக்குச் சத்தம் கேட்காமல் இல்லை. பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பதுதான் பிடிபடுவதில்லை. வயதானால் வரும் கேள்திறன் குறைவு பெரும்பாலும் இந்த ரகம்தான். முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற ரகம். அ, ஆ, ஓ எல்லாம் கீழ் அதிர்வெண்ணில் பலமாக ஒலிப்பதால் காதில் விழுந்துவிடும். ச, த, க என்று பிரித்துக்காட்டும் மெல்லிய ஒலிகளில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது போய்விட்டால் பத்து, கத்து, சத்து மூன்றும் ஒன்றுதான். வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம்? கத்துகிறோம். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அந்த அளவுக்கு ஏறாது. "ஏன் இப்படிக் கத்துறே?" என்று அவர் எரிந்து விழுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உள்காது பழுதானால் மெல்லிய சத்தம் காணாமல் போகும், ஆனால் பெரிய சத்தம் மட்டும் நமக்கு உறைப்பது போலவே உறைக்கும்.

ஆக, கருவி செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் சத்தமாக்குவது இல்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைகிறதோ அங்கே அவ்வளவு கூட்ட வேண்டும். மெல்லிய ஒலியை அதிகமாக, பெரிய ஒலியைக் கொஞ்சமாக. அதற்கென்று என்ஏஎல்-என்எல்2, டிஎஸ்எல் மாதிரி சூத்திரங்கள் இருக்கின்றன. சூத்திரம் சொன்ன அளவு நிஜமாகவே காதுக்குள் போய்ச் சேருகிறதா என்று அளக்கவும் வழி இருக்கிறது. நூல் மாதிரி ஒரு மெல்லிய குழாயைச் செவிப்பறைக்குப் பக்கம் வரை விட்டு, மேலே கருவியை மாட்டி, பேச்சை ஒலிக்கவிட்டு, திரையில் கோடு பார்ப்பார்கள். ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். சில நிமிட வேலை. அப்பாவின் காதுத் துளையும் என் காதுத் துளையும் ஒரே அளவில்லை, ஒரே செட்டிங் இரண்டு காதில் இரண்டு விதமாக ஒலிக்கும். அதனால்தான் இந்தச் சோதனை.

எங்களுக்கு நடந்தது என்ன? எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்தார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள், ஒரு பட்டனைத் தட்டினார்கள். "அங்கிள், இப்ப எப்படி இருக்கு?" கதவடைத்த குட்டி அறை. ஃபேன் சத்தம்கூட இல்லை. கடை ஊழியர் எதிரில் முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார். அந்த நிலைமையில் மெஷினே இல்லாவிட்டாலும் அப்பா பதில் சொல்லியிருப்பார். "நல்லா இருக்குப்பா" என்றார். ஃபிட்டிங் முடிந்தது! ரியல் இயர் பண்ணுவீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் தேவையில்ல மேடம், சாப்ட்வேரே பாத்துக்கும்." அப்பாவின் காதுத் துளை எவ்வளவு அகலம் என்று அந்தச் சாப்ட்வேருக்கு யார் போய்ச் சொன்னது? கம்பெனி சாப்ட்வேர் முதலில் போட்டுத் தரும் அளவு, சூத்திரம் கேட்பதைவிட உயர் அதிர்வெண்ணில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். புதிதாக மாட்டுபவருக்குக் கீச்சென்று இருக்கக் கூடாதாம். எந்த ஒலிக்காக வாங்கினோமோ அதையே குறைத்துக் கொடுப்பார்கள், நாம் "பரவாயில்லை, இதமா இருக்கு" என்று வீட்டுக்கு வருவோம்.

புரியவில்லை என்று திரும்பப் போனால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "நீங்க பேசிக் எடுத்திருக்கீங்க, அதான். பிரீமியம் போயிருக்கணும்." அமெரிக்காவின் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழுவினர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு. லேசான, மிதமான இழப்பு உள்ள முதியவர்களுக்கு அடிப்படை ரகம், பிரீமியம் ரகம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அன்றாட வாழ்க்கையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டுமே உதவின. பேச்சுப் புரிவதிலும் வாழ்க்கைத் தரத்திலும் பிரீமியம் மேல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இந்தத் தகவல் அந்தப் பளபள அட்டையில் எந்த மூலையிலும் கிடையாது.

இதைவிடக் கடுப்பேற்றியது, "வெளியே தெரியவே தெரியாது" என்ற விற்பனைப் பாட்டு. காதுத் துளைக்குள் முழுசாகப் போய் ஒளிந்துகொள்ளும் சின்ன மாடலை நீட்டினார்கள். அதில் பொதுவாக ஒரு மைக்தான் இருக்கும். முன்னால் பேசுபவரை மட்டும் பிடித்துப் பின்னால் இருக்கும் இரைச்சலைக் குறைக்க இரண்டு மைக் வேண்டும். கூட்டத்தில் பேச்சுப் புரிய நிஜமாக உதவுவது அந்த வசதிதான். போன், அரங்க ஒலியை நேராகக் கருவிக்குள் எடுக்கும் டெலிகாயில் என்ற கம்பிச் சுருளை வைக்கவும் பெரும்பாலும் இடமிருக்காது. பேட்டரி 10 நம்பர், மஞ்சள் ஸ்டிக்கர், குறுக்களவு 6 மில்லிமீட்டர்கூட இல்லை. கை நடுங்கும் அப்பா அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பிரித்து, பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு, கதவு மூடாமல், மறுபடி எடுக்கப் பார்க்கும்போது அது உருண்டு கட்டிலுக்கு அடியில். வாரா வாரம் இந்தக் கூத்து நடக்கும். மாட்டப்போகிறவரின் விரலை ஒரு தடவையாவது பார்த்தார்களா? யார் பார்வையிலிருந்து எதை மறைக்க இவ்வளவு பாடு? அப்பாவுக்கு 'என்ன?' 'என்ன?' என்று கேட்பதுதான் கூச்சம், காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் இருப்பது இல்லை.

சரி, வேறு பிராண்டு பார்க்கலாம் என்றால் அதுவும் ஒரு கண்கட்டு. போனாக்கும் யுனிட்ரானும் சோனோவா குழுமம். சிக்னியாவும் வைடெக்ஸும் 2019இலிருந்து ஒரே கூரைக்குக் கீழே. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிச் சாப்ட்வேர், ஒன்றை வைத்து மற்றதை டியூன் பண்ண முடியாது. வாங்கிய பிறகு அந்த ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் நாம் அதே சாப்ட்வேர் வைத்திருப்பவர் வாசலில்தான் நிற்க வேண்டும். இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அவற்றில் பல வெறும் சத்தம் கூட்டும் பெட்டிகள், பேச்சையும் தட்டுக் கழுவும் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கைப்படி, கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். கேட்டால் "வயசானவங்க மாட்ட மாட்டேங்கிறாங்க, பிடிவாதம்" என்பார்கள். வாங்கியதைப் போட்டால் விசில் அடிக்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை, வேறென்ன செய்வார்கள்? டிராயரில் போடத்தான் செய்வார்கள்.

ஆடியோகிராம் காப்பி கேட்டேன். "எங்க சிஸ்டத்துல பத்திரமா இருக்கு மேடம்" என்றார்கள். அப்பாவின் காது, அப்பாவின் ரிப்போர்ட், இவர்கள் சிஸ்டத்தில் எதற்கு? நின்று வாதாடி வாங்கிக்கொண்டு, அதே கம்பெனிச் சாப்ட்வேரும் அந்தக் குழாய் வைத்த மெஷினும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டு, வேறொரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேள்திறன் நிபுணரிடம் போனோம். திரையில் இரண்டு கோடு. வர வேண்டிய அளவு ஒன்று, வருகிற அளவு ஒன்று. 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் இரண்டாவது கோடு தொப்பென்று விழுந்து கிடந்தது. அதே பேசிக் கருவிதான். கோட்டைத் தூக்கி வைத்தார், காதுத் துளைக்குள் போகும் சின்ன ரப்பர் மூடியான டோமை மாற்றினார், விசில் நின்றது. மூளை பழக இன்னும் சில வாரம் ஆகும் என்றார். பேப்பர் திருப்பும் சத்தம் கர்ண கொடூரமாக இருக்கிறது என்று அப்பா புலம்பிக்கொண்டிருக்கிறார், புலம்பட்டும்.

முதலில் விற்றவர்கள் இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு 24 சேனலுக்கு மாற எக்ஸ்சேஞ்ச் ஆஃபராம்.