குட்டி அயோக்கியனும் கால் லிட்டரும்

சின்ன வோட்கா குப்பிகளுக்கு ரஷ்யர்கள் வைத்திருக்கும் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'மெர்ஸாவ்சிக்'. 'மெர்ஸாவெத்ஸ்' என்றால் அயோக்கியன். அதன் வாலில் 'சிக்' விகுதியை ஒட்டினால் குட்டி அயோக்கியன். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு "திருட்டுப் பயலே" என்று கொஞ்சும் பாட்டியின் குரல் இந்தச் சொல்லில் கேட்கிறது. குப்பி உள்ளங்கையில் அடங்கும், கோட்டுப் பைக்குள் ஒளிந்துகொள்ளும், இரண்டு மூன்று சேர்ந்தால் ஆளையே கவிழ்த்துவிடும். வேறு என்ன பெயர் வைப்பது? (அருவருப்பைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லும் குளிரில் உறைவதைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. வோட்காவைக் குளிர வைத்துக் குடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. யாராவது கதை கட்டுவதற்குள் சொல்லிவைக்கிறேன்.)

கதை கட்டுவது என்றதும் 'செக்குஷ்கா'வுக்கு வருகிறேன். கால் லிட்டர் வோட்கா குப்பிக்கு இன்றும் வழங்கும் பெயர் இது. இதன் பிறப்பைப் பற்றி உலவும் கதைகளில் ஒன்று, இது சோவியத் ரகசியப் போலீசான 'செக்கா'விலிருந்து வந்தது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செக்கா இருந்தது 1917 டிசம்பர் முதல் 1922 பிப்ரவரி வரை. 1914இல் போர் தொடங்கியபோது ஜார் கொண்டுவந்த மதுவிலக்கைப் போல்ஷெவிக்குகளும் தொடர்ந்தார்கள். 40 டிகிரி, அதாவது 40 சதவீத ஆல்கஹால் கொண்ட வோட்கா மறுபடி கடைக்கு வந்தது 1925இல். அதாவது செக்கா உயிரோடு இருந்த காலம் முழுவதும் சட்டப்படி விற்ற வோட்கா குப்பியே கிடையாது. இல்லாத குப்பிக்கு யார் பெயர் வைத்தார்கள்?

இன்னொரு கதை பீட்டர்ஸ்பர்க்கின் வசீலியெவ்ஸ்கி தீவுக்குப் போகிறது. அங்கே செக்குஷி என்று ஒரு பகுதி. ஈரத்தில் கட்டியாகிப்போன மாவை உடைக்கும் மரச்சுத்தியலுக்குச் செக்குஷா என்று பெயர். மாவுக் கிடங்குகள் அங்கே இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஊர்ப்பெயருக்கு அழகான விளக்கம். ஆனால் சுத்தியலிலிருந்து குப்பிக்கு எப்படித் தாவினார்கள் என்று கேட்டால் கதை சொல்பவர் தொண்டையைச் செருமுகிறார்.

நான் நம்புவது சுவாரசியமே இல்லாத விளக்கத்தை. ரஷ்ய மொழியில் காலுக்குச் 'செத்வெர்த்'. கால் லிட்டர் குப்பிக்கு 'செத்வெர்தீன்கா' என்றும் பெயர் உண்டு. வாய்க்கு வாய் தேய்ந்து செக்குஷ்கா ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். குடிகாரர்கள் நான்கு அசைச் சொல்லை முழுதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

ஆனால் எதில் கால் என்று கேட்டால் விஷயம் சூடுபிடிக்கிறது. ஜார் காலத்தில் மதுவை வாளிக்கணக்கில் அளந்தார்கள். 'வெத்ரோ' என்ற ஒரு வாளி 12.3 லிட்டர். வாளியில் பத்தில் ஒன்று ஷ்தோஃப், இருபதில் ஒன்று வழக்கமான வோட்கா பாட்டில். நூறில் ஒன்றும் இருநூறில் ஒன்றுமான பொடிக் குப்பிகள்தான் நம் குட்டி அயோக்கியன்கள். அன்றைக்குச் 'செத்வெர்த்' என்று கேட்டால் கால் வாளி, அதாவது மூன்று லிட்டர் பிடிக்கும் பெரிய ஜாடியைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள்! மெட்ரிக் அளவுக்கு மாறும் ஆணை 1918இல் வந்தது. முழு அளவே வாளியிலிருந்து லிட்டருக்கு இறங்கியதும் காலும் கூடவே பன்னிரண்டு மடங்கு இளைத்துவிட்டது.

குட்டி அயோக்கியனை ஊரெங்கும் பரப்பியதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. நிதியமைச்சர் வித்தே 1895இல் நான்கு மாகாணங்களில் வோட்கா விற்பனையை அரசின் ஏகபோகமாக்கினார். அரக்கு முத்திரையிட்ட குப்பியை வாங்கலாம், கடைக்குள் குடிக்கக் கூடாது. வாங்கியவன் வாசலுக்கு வந்து அரக்கைச் சுவரில் உரசி உடைப்பான், குப்பியின் அடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டித் தக்கையைத் தெறிக்க விடுவான், தெருவிலேயே குடித்து முடிப்பான். நின்றபடி குடித்துத் தீர்ப்பதற்குச் சின்னக் குப்பியைவிட வசதியானது எது?

அறுபதுகளில் சோவியத் விலை அரை லிட்டருக்கு 2 ரூபிள் 87 கோபெக், கால் லிட்டருக்கு 1 ரூபிள் 49. கூட்டிப் பார்த்தால் இரண்டு கால் வாங்குகிறவனுக்கு 11 கோபெக் நஷ்டம். அதனால் ஆளுக்கு ஒரு ரூபிள் போட்டு மூன்று பேராக அரை லிட்டர் வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். மீதி 13 கோபெக் தொட்டுக்கொள்ள. செக்குஷ்கா கூட்டாளி கிடைக்காதவனின் குப்பி. அதனால்தானோ என்னவோ, அதற்கு 'மாலென்காயா', 'சின்னவள்', என்றும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

1925இல் வோட்கா திரும்பி வந்தபோது, அப்போதைய பிரதமர் ரீக்கவின் பெயரால் மக்கள் அதை 'ரீக்கவ்கா' என்று அழைத்தார்கள். குப்பிகளுக்கும் புதுப் பெயர்கள் கிடைத்தன. அரை லிட்டர் 'கட்சிக்காரர்', கால் லிட்டர் 'கொம்சமோல் இளைஞன்' (கொம்சமோல் என்பது கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பு). பழைய குட்டி அயோக்கியனின் இடத்துக்கு வந்த 100 மில்லி குப்பிக்குக் கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய பள்ளிப் பிள்ளைகளின் பெயர்: 'பயனியர்'.