ஜிங்க் காஸ்டிங்னாலே பொடிஞ்சிடாதுங்க

"ஏர்கன்ல (காத்தழுத்தத்துல சுடற துப்பாக்கி) ஜிங்க் அலாய், அதாவது துத்தநாகக் கலவைல வார்த்த பார்ட் இருந்தா கொஞ்ச வருஷத்துல தானா விரிசல் விட்டு பொடிஞ்சிடும்"னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, அது பழைய கதைங்க. அப்படி பொடிஞ்சதெல்லாம் ஈயம், வெள்ளீயம், கேட்மியம் கலந்த அழுக்கு ஜிங்க்ல வார்த்தது. 1929ல ஜமாக்ங்கற ஜிங்க் அலாய் வந்துச்சு, அதுக்கப்புறம் 99.99% சுத்தமான ஜிங்க்ல சுமார் 4% அலுமினியம் சேர்த்து வார்க்க ஆரம்பிச்சதும் அந்த வியாதி அடங்கிடுச்சு, யாராவது கண்ட ஸ்க்ராப்ப உருக்கி ஊத்தினா மட்டும்தான் திரும்ப வரும். ட்ரிகர் கார்டு (ட்ரிகர சுத்தி இருக்கற வளையம்), ப்ரீச் ப்ளாக் (பேரலோட பின்பக்க பாகம்) மாதிரி வளைவு நெளிவான பார்ட்டுக்கு இது நல்ல சாய்ஸ்தான், சுமார் 385 டிகிரி செல்சியஸ்லயே உருகறதால டை (வார்க்கற அச்சு) ரொம்ப நாள் தாங்கும், அளவும் துல்லியமா வரும். ரைஃப்ளிங் (குழாய் உள்ள சுழல் வரி) உள்ள பேரல் பெரும்பாலும் ஸ்டீல்தான், அத யாரும் மாத்தல. குறையே இல்லன்னு சொல்லல, எந்நேரமும் லோடு இருக்கற இடத்துல மெல்ல மெல்ல வளைஞ்சு கொடுக்கும், ஸ்க்ரூவ ஓவரா முறுக்கினா மரை போயிடும். அத சொல்லியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன்.