நாய்க் கழிவு சாணம் ஆகாது
நாயின் கழிவும் சாணம் மாதிரி மண்ணோடு மக்கி உரமாகிவிடும் என்று நாய் வளர்ப்பு பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரு வரி வருகிறதே, அதுதான் இடிக்கிறது. மாடு தின்பது புல், வைக்கோல். நாய் தின்பது கறி, முட்டை. அதன் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கொக்கிப்புழு இன்னும் மோசம்: ஈர மணலில் பொரியும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போய், சிவந்த கோடாக நெளிந்து அரிக்கும். எங்கள் கும்பகோணம் பக்கம் காவிரிப் படித்துறைக்குச் செருப்புப் போட்டா போகிறோம்? ஆடிப்பெருக்கன்று பிள்ளைகள் கரை மணலில்தான் புரளும். வளர்ப்பு நாயின் கழிவை அள்ளச் சொன்னால், கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'தெருநாய் போவதை யார் அள்ளுவது?' என்கிறார். அதை மாநகராட்சியிடம் கேளுங்கள். தன் நாயைச் சங்கிலியில் பிடித்து நடப்பவருக்கு, அது போவதை அள்ளக் கையில் ஒரு பழைய செய்தித்தாள் போதும். அள்ளியதை வாய்க்காலில் வீசுவதும் (அதையும் பார்க்கிறேன்) கணக்கில் சேராது, அடுத்த ஊர்க்காரர் அதில்தான் குளிக்கிறார்.