நெய்வேலி ரஷ்யாக்காரர்கள் மட்டும் கட்டியதல்ல

மேலே ஒரு நண்பர், "நெய்வேலியில் நிலக்கரியைக் கண்டுபிடித்ததும் ரஷ்யாக்காரன், தோண்டியதும் ரஷ்யாக்காரன், நம்ம ஆட்கள் சாவியை வாங்கிக்கொண்டதோடு சரி" என்று எழுதியிருக்கிறார். கடலூர் மாவட்டத்துக்காரன் என்பதால் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை.

கண்டுபிடிப்பிலேயே தவறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோதுதான் கறுப்புத் துகள் மேலே வந்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கியது 1956-இல். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவி வந்தது முதல் அனல்மின் நிலையத்துக்கு. பெரிய உதவிதான், மறுக்கவில்லை: 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, படிப்படியாக 600 மெகாவாட் ஆனது. ஆனால் சுரங்கத்தில் மண்ணை வாரிய, சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. பனிப்போர்க் காலத்தில் இரண்டு முகாமும் ஒரே ஊரில் வேலை பார்த்திருக்கின்றன. எனக்கு இன்றும் அது வியப்புதான்.

அந்த ஜெர்மன் இயந்திரத்துக்கும் இங்கே லேசான வேலை இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பது 'கடலூர் மணற்கல்'. வாளிகளின் பல்லைத் தேய்த்துவிடும் கல் அது. வெடிவைத்துத் தளர்த்தித்தான் தோண்ட வேண்டியிருந்தது. அப்புறம், நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். பம்புகள் இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். அதை இத்தனை வருடங்களாக இறைத்துக்கொண்டிருப்பது நம்ம ஊர்த் தொழிலாளர்கள். நிலம் கொடுத்தவர்களின் கணக்கு தனி. அதை இதோடு குழப்ப வேண்டாம்.