குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, அப்புறம் என்ன உரிமை?

சிங்கப்பூரில் தண்ணீர் உரிமை என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்விதான் வரும். நியாயமான கேள்வி. கொதிக்க வைக்காமலே குடிக்கலாம், நடுராத்திரியிலும் வரும். ஆனால் நல்ல சேவை வேறு, சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை வேறு.

போதுமான தண்ணீரை நியாயமான விலையில் தருவது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கடமை என்று நம் சட்டம் சொல்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகளில் தண்ணீர் இல்லை. ஐநா பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று குடிநீரும் துப்புரவும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 122, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டாது. (உலகக் கழிப்பறை தினத் தீர்மானத்தை 2013ல் ஐநாவுக்குக் கொண்டுபோனது நாம்தான். கழிப்பறைக்குக் குரல் கொடுத்த நாடு குழாய்க்கும் கொடுக்கலாமே!)

சரி, அரசமைப்பில் எழுதிவிட்டால் போதுமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே 27வது பிரிவிலேயே தண்ணீர் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் நகராட்சி ஒரு வளவுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசமாகக் கொடுத்தது. அது தீர்ந்ததும் ப்ரீபெய்டு மீட்டர் நின்றுவிடும். எட்டுப் பேர் என்றால் தலைக்கு நாளுக்கு 25 லிட்டர். வழக்குப் போட்டவரின் வளவிலோ 20 பேர். தலைக்குப் பத்தே லிட்டர்! உயர்நீதிமன்றம் 50 லிட்டர் என்றது, மேல்முறையீட்டில் 42 ஆனது, 2009ல் அரசமைப்பு நீதிமன்றம் அளவை நிர்ணயிப்பது தன் வேலையல்ல என்று நகராட்சியின் திட்டத்தையே ஏற்றுக்கொண்டது. சட்டத்தில் 'போதுமான' என்று எழுதினார்கள், எத்தனை லிட்டர் என்று எழுதவில்லை. சிக்கலே அங்கேதான்.

இங்கிலாந்து இன்னும் கறாராகச் செய்தது. பில் கட்டவில்லை என்பதற்காக வீட்டுத் தண்ணீரைத் துண்டிக்கக் கூடாது, சொட்டுச் சொட்டாக வர வைக்கும் கருவியும் மாட்டக் கூடாது என்று 1999ல் சட்டம் போட்டது. கடனை வேறு வழியில் வசூலிக்க வேண்டியதுதான்.

பில் கட்டாவிட்டாலும் கிடைக்கும் குறைந்தபட்ச அளவு ஒன்றை இங்கே வைத்தால் எவ்வளவு செலவாகும்? ஏப்ரல் 2025 முதல் வீட்டு விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, கன மீட்டருக்கு 3.24 வெள்ளி (மாதம் 40 கன மீட்டர் வரை). தலைக்கு நாளுக்கு 50 லிட்டர் என்றால் மாதம் ஒன்றரை கன மீட்டர், 4 வெள்ளி 86 காசு. நால்வர் குடும்பத்துக்கு 19.44. தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கு யு-சேவ் என்ற தள்ளுபடி தரும் அரசாங்கத்துக்கு இது பெரிய தொகையல்ல. ஆனால் தள்ளுபடி வரவுசெலவுத் திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதை உரிமை என்று சொல்ல முடியாது.

என் கவலை வீட்டுக் குழாயைவிட வேலையிடத்தைப் பற்றியது. வெயிலில் வேலை செய்பவர் மணிக்கு 300 மில்லியாவது குடிக்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் பரிந்துரை. எட்டு மணி நேரத்துக்கு 2.4 லிட்டர். 40 பேருக்கு 96 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. கட்டுமான சைட்டில் தண்ணீர் இல்லாமல் இல்லை. கேன் தரைத்தளத்தில் இருக்கும், கான்கிரீட் போடுவது 14வது மாடியில். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால் கடும் உழைப்பாளிக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு. அந்தப் பத்து நிமிடமும் ஹாய்ஸ்டுக்கு (ஆளும் பொருளும் ஏற்றும் லிஃப்ட்) காத்திருப்பதிலேயே போய்விடும். அதனால் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தண்ணீர் இருக்க வேண்டும் என்று உலகளவில் ஒரு கணக்கு உண்டு. சைட்டுக்கு அதை மாடிக்கணக்கில் எழுத வேண்டும்: வேலை நடக்கும் இடத்திலிருந்து இரண்டு மாடிக்குள், கேன் காலியானால் நிரப்புவது யார் என்று பெயரோடு.