புதிய தொட்டியில் கடற்சாமந்தி: ஒரு திருத்தம்

புதிய மீன்தொட்டியில் முல்லைத்தீவுக் கடல்நீரை நிரப்பினால் மறுநாளே கடற்சாமந்தியை (பூவிதழ்போல் கைகளை விரிக்கும் கடல் விலங்கை) விடலாம், கோமாளி மீன் துணையிருந்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருப்பது தவறு. அதை நம்பி ஓர் உயிரைச் சாகவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கழிவிலிருந்து சேரும் நச்சான அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் பெரும்பாலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை என்பதால், நீரை மட்டும் கொண்டுவந்தால் அவை தொட்டியில் நிலைபெற்றுவிடுவதில்லை. அதற்கே சில வாரங்கள் ஆகும். கடற்சாமந்திக்கோ ஆறு மாதமாவது பொறுத்திருப்பது நல்லது. கோமாளி மீன் அதற்குப் பகையல்ல, ஆனால் புதிய தொட்டியில் அதன் கழிவும் அமோனியாவைத்தான் கூட்டும்.

மாரிகாலத்தில் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பிலும் அதன் முகத்துவாரத்தை அண்டிய கரையிலும் மழைவெள்ளம் கலந்து உவர்ப்புக் குறைந்துவிடும் என்பது நம்மவர்க்குத் தெரிந்ததே. ஆகவே எங்கு அள்ளினாலும் அளந்து பார்த்து, ஒப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பின் அளவைக் காட்டுவது) 1.025 அளவிலும் வெப்பநிலையை 25 முதல் 27 பாகை வரையிலும் ஏறியிறங்காமல் வைத்திருங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. தொட்டிகளில் வளர்க்கப்படும் பெரும்பாலான கடற்சாமந்திகளின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டே அவற்றுக்கு உணவளிக்கின்றன. மங்கலான அறையில் வைத்திருந்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்: கைகள் பால்வெள்ளையாகிச் சுருங்கி, வாய் பிளந்து கிடந்தது. கடற்சாமந்தி இடம்விட்டு நகரும் உயிரும்கூட. நீர்ப்பம்பியின் உறிஞ்சுவாயை வலையிட்டு மூடாவிட்டால் ஓரிரவில் அரைபட்டுத் தொட்டியையே நஞ்சாக்கிவிடும்.