பல்வலி நின்றால் சீழ் போய்விட்டது என்று அர்த்தமில்லை
பல்வலிக்கு ‘அமாக்சிசிலின் (கிருமியைக் கொல்லும் மாத்திரை) அஞ்சு நாள் போட்டேன், வலி போச்சு, ரூட் கேனாலே (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்யும் சிகிச்சை) வேண்டாம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி அப்பாயின்ட்மென்டை ரத்து செய்துவிடாதீர்கள். பல்லுக்குள் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். அங்கே ரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை உள்ளே போய்ச் சேராது; கிருமி அப்படியே இருக்கும். எனக்கும் இப்படித்தான் வலி நின்றது. மூன்றாவது வாரம் காலையில் எழுந்தால் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது.

அப்பாயின்ட்மென்ட் வரும்வரை வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளியுங்கள், தலையை உயர்த்திப் படுங்கள். ஆஸ்பிரினை ஈறில் வைக்காதீர்கள், வெந்து புண்ணாகிவிடும். பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்தாலே பயமா? டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ‘கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்’ என்று பேசிவைத்ததுதான் எனக்குத் தைரியம் தந்தது. காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.